சுவர் பார்த்த படம்

வரிசையாக மாட்டியிருந்த படங்களில் ஒன்று மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கீழே ‘உடையப்பன்’ என்ற பெயர்.

கலாதேவி அந்தப் பெயரை மறுபடியும் படித்தாள். ஜொகூரிலிருந்து பஸ் பிடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல், அப்பாவின் படத்தைப் பார்க்கத்தான் ஈப்போ சகோதரர் சங்கத்துக்கு வந்திருந்தாள். போன வருஷம் படத்திறப்புக்கு அவளால் வர முடியவில்லை.

ரப்பர் தோட்டத்து ஆட்கள் தொடங்கிய சங்கம் அது. பழைய தலைமையகத்தில் பாதி இப்போது காட்சியகம். கண்ணாடிக்குள் பால் வாளி, மரம் சீவும் கத்தி, இறந்த சகோதரர்களைச் சுமந்த சங்கத்துப் பாடை.

அங்கே ஒருவர் படத்தைத் திருப்பி வைத்தால் ஒரே அர்த்தம்தான். துரோகம் செய்து விலக்கப்பட்டவர்.

“சீனி சித்தப்பா! என்ன இது?”

சங்கத்தில் எல்லாரும் சகோதரர்கள். அதனால் பிள்ளைகளுக்கு எல்லாரும் பெரியப்பா, சித்தப்பா.

காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ளும் சீனி ஓடி வந்தார்.

“எப்பம்மா வந்த? வாரேன்னு ஒரு போன் போட்டிருக்கலாம்லா.”

“எங்கப்பா என்ன துரோகம் பண்ணாரு? எத்தனை பேரு பாடையத் தோள்ல தூக்கினவரு! செத்தவரு வந்து கேக்க மாட்டாருன்னுதானே?”

“அப்படி இல்ல கலா...”

அவள் படத்தைத் திருப்பக் கை நீட்டினாள். சீனி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இப்ப வேணாம்மா. கொஞ்சம் பொறு.”

“விடுங்க! தலைவருகிட்டயே கேக்குறேன்.”

வாசலில் செருப்புச் சத்தம். அம்மா!

அம்மாவுக்கு மறதி என்று தம்பி போனில் சொல்லியிருந்தான். நெற்றியில் இன்னும் குங்குமம் வைத்துக்கொள்கிறாள் என்று சொல்லவில்லை.

“சீனி, உங்க அண்ணனுக்குக் கூட்டம் முடிஞ்சிருச்சா?”

“இன்னும் இல்லண்ணி. உக்காருங்க, தேத்தண்ணி கொண்டு வாரேன்.”

“வாய் வலிக்கிற வரைக்கும் இவங்க கூட்டம் முடியாது.” அம்மா சிரித்தபடி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

சீனி குரலைத் தாழ்த்தினார். “தினமும் இந்த நேரத்துக்கு வந்துடுவாங்க. மாலை போட்ட படத்தப் பாத்துட்டா, அன்னிக்குத்தான் அண்ணன் செத்த மாதிரி அழுவுறாங்கம்மா. அவங்க போனதும் நேரா வெச்சிடுவோம். தலைவருதான் அப்படிச் செய்யச் சொன்னாரு.”

அம்மா அப்போதுதான் மகளைப் பார்த்தாள்.

“அடியே கலா! நீயும் அப்பாவுக்காகத்தான் காத்துக்கிட்டு நிக்கிறியா?”

“ஆமாம்மா.” கலாதேவி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “இன்னும் கூட்டம் முடியலையாம்.”