மறுபடியும் அதே நேர்முகம்

"ரெண்டு தடவ உன்னை வேண்டாம்னு சொன்ன இடம்லா அது. மறுபடியும் அங்கேயா?" என்றார் ரஷீதா, மகளின் துப்பட்டாவுக்கு இஸ்திரி போட்டபடி.

"அதே இடம்தான், உம்மா. அதே ஜூன் விடுமுறை ஆராய்ச்சித் திட்டம்தான்," என்றாள் ஹம்னா.

பள்ளி மாணவர்களில் சிலரை மட்டும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொள்ளும் திட்டம். நேர்முகத்தில் பேச்சு வராமல் இரண்டு முறையும் வாய்ப்பைத் தவறவிட்டிருந்தாள்.

மார்சிலிங் நிலையத்தில் ரயிலேறியதும், பேச வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நேர்முக அறைக் கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்த பேராசிரியர்கள் இருவரும் எழுந்து நின்றார்கள்.

"வாங்க, டாக்டர் ஹம்னா. இந்த வருஷம் தேர்வுக் குழுவுக்கு நீங்கதான் தலைவர். முதல் மாணவியைக் கூப்பிடலாமா?"

"கூப்பிடுங்க," என்று நடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள் ஹம்னா. "திணறுற பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுப்போம்."