ஐந்தாவது விலாசம்

“எவனோ ஒரு வெட்கங்கெட்டவன், பத்துப் பைசா தள்ளுபடிக்கு நாக்கைத் தொங்கப்போட்டுட்டு உங்க மெயில் விலாசத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கான், மாப்பிள்ளை. அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்.”

பெயின்ட் கடைக்காரர் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். தங்கை போனில் அழுத அழுகையில், கலக்கிக்கொண்டிருந்த பெயின்டை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். கையில் இன்னும் நீலம் காயவில்லை.

தங்கையின் கணவர் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக். வேலை பார்த்த கம்பெனியை மூடி ஏழு மாதம். ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்து, மெயிலில் அழைப்பு வந்திருக்கிறது. திங்கள் மாலைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். மனுஷன் கண்ணில் அது பட்டது இன்றைக்கு, வியாழக்கிழமை.

“எப்படிண்ணா படும்? ஒரு நாளைக்கு முப்பது மெயில்” என்றாள் தங்கை. “எல்லாம் அந்தத் தள்ளுபடி சங்கத்துக்காரன் அனுப்பறது. செருப்புக்குச் சலுகை, மெத்தைக்குச் சலுகை. நடுவுல இது ஒண்ணு.”

“ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?”

“பதில் போடக்கூட அக்கறையில்லாத ஆள் எங்களுக்கு எதுக்குன்னு கேட்டாங்க. வேற ஒருத்தரை எடுத்துட்டாங்களாம். நாளைக்கு வந்து கையெழுத்துப் போடறாராம்.”

கடைக்காரர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். “ஏன் மாப்பிள்ளை, அடியில ‘விலகு’ன்னு ஒரு பட்டன் இருக்குமே. அதை அமுக்கறதுக்கு என்ன, விரல்ல சுளுக்கா? எத்தனை மாடி லிஃப்டைத் தூக்கி நிறுத்தற ஆள் நீங்க.”

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். “விடுங்க மச்சான். போனது போகட்டும்.”

“உங்க வாய் இப்படி இருக்கிறதாலதான் ஊரே உங்க தலையில ஏறி உட்காருது. அந்தச் சங்கத்து நம்பரைக் கொடுங்க இப்படி.”

கடைக்காரர் பேரம் பேசியே முன்னுக்கு வந்தவர். மொத்த வியாபாரிகள் மத்தியில் அவருக்குப் பெயரே ‘கடைசி விலை’தான். அவர் போனில் ஸ்பீக்கரைப் போட்டால் எதிராளி பாதி விலைக்கு இறங்கிவிடுவான்.

இறங்க வேண்டியவள் ஒரு பெண். நிதானமான குரல்.

“சொல்லுங்க சார்.”

“ஒரு குடும்பத்தோட சோத்துல மண்ணைப் போட்டுட்டு, சொல்லுங்க சாரா? இந்த மெயில்காரரை உங்க சங்கத்துல சேர்த்தது எவன்? அவன் பேர் எனக்கு வேணும்.” விலாசத்தை எழுத்தெழுத்தாகச் சொன்னார்.

“ஸ்பீக்கர்ல பேசறீங்களா சார்? எதிரொலிக்குது.”

ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார்.

“சேர்த்தவங்க பேரை வெளி ஆளுக்குச் சொல்லக் கூடாது சார்” என்றாள் அவள். “நீங்க பேசற இதே நம்பர் உங்களோடதுதானே?”

“ஆமா. பதினஞ்சு வருஷமா இதே நம்பர்தான். அதுக்கென்ன?”

“அப்ப சொல்லலாம் சார். சேர்த்தது நீங்கதான்.”

கடைக்காரருக்கு ஒரு பயணப்பெட்டி வாங்கப் போனது ஞாபகம் வந்தது. இரண்டு வருஷம் இருக்கும். கடைசி விலை என்ன, கடைசி விலை என்ன என்று அரை மணி நேரம் கல்லாவை விட்டு நகராமல் நின்றார். கல்லாவில் இருந்த பெண் அந்தத் தள்ளுபடி சங்கத்தின் படிவத்தை நீட்டினாள். ஐந்து பேர் மெயில் விலாசம் எழுதினால் எது வாங்கினாலும் இன்னும் ஏழு சதவீதம் குறையும். சலூன்காரர், மாடி வீட்டு வாத்தியார், சரக்கு கொண்டுவருகிற இருவர். ஐந்தாவதுக்கு யாரும் அகப்படாமல் பேனாவைக் கடித்தபோது மாப்பிள்ளை நினைவுக்கு வந்தார்.

தன் பேரையும் போன் நம்பரையும் எழுதி, தன் மெயிலுக்கான இடத்தில் மட்டும் ஒரு கோடு போட்டுவிட்டார். தொல்லை வரும் என்று அவருக்குத் தெரியாதா?

“லைன்ல இருக்கீங்களா சார்?”

“அவரை எடுத்துடும்மா” என்றார். குரல் பாதி விலைக்கு இறங்கியிருந்தது.

“எடுத்துடலாம் சார். ஆனா அஞ்சு பேரும் இருந்தாத்தான் உங்களுக்கு அந்த ஏழு சதவீதம். அவரும் ரெண்டு தடவை விலகப் பார்த்திருக்கார். ‘நீங்கள் விலகினால் உங்களைச் சேர்த்தவரின் சலுகை நின்றுவிடும்’னு உங்க பேரோட திரையில வரும். ரெண்டு தடவையும், ‘அப்படியானால் இருக்கிறேன்’னு அமுக்கியிருக்கார்.”

கடைக்காரர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கம் அவள் வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது.

திரும்பியபோது மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். “உட்காருங்க மச்சான். வெயில்ல வந்திருக்கீங்க.” நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

கடைக்காரர் உட்காரவில்லை. வாசலுக்குப் போய்க் குனிந்து, கழற்றாத செருப்பின் வாரைச் சரிசெய்வதுபோல் தடவிக்கொண்டிருந்தார்.

தங்கை பின்னாலேயே வந்தாள். “ஆள் யாருன்னு தெரிஞ்சுதாண்ணா?”

அவர் தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று அவருக்கே தெரியவில்லை.

“அவனை அடிக்க வேண்டாம், திட்டவும் வேண்டாம்ணா. நேரா அந்த ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போங்க. ‘தப்பு இவர்மேல இல்லை, என்மேலதான்’னு அவன் வாயாலேயே சொல்ல வைங்க. நாளைக்கு அந்த இன்னொருத்தர் கையெழுத்துப் போடறதுக்குள்ள.”