லேசான வலி

மிதிபடகை மிதித்தது இருவர். கப்பல் ஓட்டியது அவர் ஒருவர்தான்.

"இந்த மிதிக்கு இந்நேரம் கொழும்பே வந்திருக்கணும் அம்மிணி."

சரணாலயத்து ஏரி அப்படியொன்றும் பெரிதில்லை. அவர் கணக்கில், கடல்தான் சித்திரை வெயில் தாங்காமல் லீவு போட்டு, மலையேறி வந்து படுத்திருந்தது. சுற்றிலும் இருந்த காட்டுக்குள் புலிகள் முண்டியடித்துக்கொண்டு எட்டிப்பார்த்தன. பென்ஷன் வாங்குகிறவர் ஒருவர் இப்படிப் படகு விடுவதை அவை பார்த்ததே இல்லையாம்.

"முழங்கால் தண்ணிக்குத் தென்னை மரத்துல ஏறி நின்ன ஆளுதானுங்க நீங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குக் கழித்தல் வேலை. அவர் நூறு என்றால் அவள் பத்தாக்குவாள். மலைப்பாம்பு என்றால் மண்புழு ஆக்குவாள்.

பின்னால் டிக்கெட் கொட்டகை தீப்பெட்டியளவு சுருங்கிவிட்டது.

திடீரென்று பேச்சு நின்றது.

படகில் இரண்டு பேருக்கும் ஒரே அச்சு. ஒருவர் மிதித்தால் மற்றவர் காலும் சேர்ந்து சுற்றும். பார்த்தால் தெரியாது. பாரம் தெரியும்.

முழுப் பாரமும் அவள் காலுக்கு வந்திருந்தது.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல. நெஞ்சுல லேசா வலி."

லேசா.

கொசு கடித்தால் கருநாகம் தீண்டிவிட்டதாக ஊரைக் கூட்டுகிறவர். ரெண்டு தும்மலுக்கு வக்கீலை வரச்சொல்லி உயில் எழுதப் பார்க்கிறவர். இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே கிடையாது.



எழுந்து நின்று கொட்டகையைப் பார்த்துக் கையை வீசினாள்.

அங்கிருந்து யாரோ குஷியாகக் கையை வீசினார்கள்.

கத்தினாள். எதிர்காற்று குரலை வாயிலேயே திருப்பித் திணித்தது. இந்த ஏரியில் மோட்டார் படகும் கிடையாது. காட்டு ஜீவன்கள் மிரளும்.

படகைத் திருப்பினாள். மிதித்தாள்.

படியேறக் கூடாது, குத்தவைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன முழங்கால்கள். அவற்றை வைத்துக்கொண்டு மிதித்தாள்.

அவர் தூங்கிவிடக் கூடாது. பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

பக்கவாட்டுப் புல்மேட்டிலிருந்து காட்டெருமைகள் தண்ணீருக்கு இறங்கியிருந்தன.

"ஏனுங்க, அதா பாருங்க. எத்தனை நிக்குதுன்னு சொல்லுங்க."

ஐந்நூறு என்று சொல்லட்டும். சாமி, ஒரு லட்சம் என்று சொல்லட்டும்.

அவர் தலையைத் திருப்பினார். நிதானமாகப் பார்த்தார்.

"ரெண்டு."

இரண்டுதான் நின்றன.

அவள் வேகத்தைக் கூட்டினாள். தண்ணீர் பின்னால் போவதாகத் தெரியவில்லை. அவருடைய சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஒரு கையால் அவருடைய லைஃப் ஜாக்கெட்டின் பட்டியைத் தளர்த்திவிட்டாள். விரலில் பட்ட வியர்வை ஜில்லென்று இருந்தது.

"கரை இன்னும் எவ்வளவு தூரம்?"

கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டார்.

ஏரியில் பாதி அப்படியே கிடந்தது.

"வந்தாச்சுங்க," என்றாள். மூச்சு வாங்கியது. "கையை நீட்டுனா புல்லைப் புடிச்சுக்கலாம். டாக்டருங்க, நர்சுங்க, ஆம்புலன்ஸு... ஊரே திரண்டு வந்து நிக்குது. ஆயிரம் பேருக்குக் கொறையாதுங்க."

அவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

ஆளில்லாத தண்ணீரை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"ஆயிரமெல்லாம் இல்ல அம்மிணி," என்றார். "நாலு பேரு. போதும்."