காணிப்பாக்கத்துச் சத்தியம்

ஆதிகேசவன் சட்டையைக் கழற்றியபோது தாமோதரன் அவர் கையைப் பிடித்தான்.

“வேணா மாமா. டெல்லியில ஒரு பிரஸ் மீட் வெச்சா போதும். சாமிகிட்ட வெளையாடாதீங்க.”

மத்திய அமைச்சரான ஆதிகேசவன் வாட்சை அவிழ்த்து அவனிடம் கொடுத்தார். தாமோதரன் அவர் மனைவியின் தம்பி. பன்னிரண்டு வருடமாக அவருக்கு உதவியாளர்.

மத்திய அரசு வேலைக்காக நாடு முழுக்க இருபது லட்சம் பேர் ஒரு தேர்வு எழுதியிருந்தார்கள். அதன் கேள்வித்தாள் முன்கூட்டியே அமைச்சர் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்துதான் வெளியே போனது என்று விசாரணையில் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் எதைச் சொன்னாலும் ஜனங்கள் சிரித்தார்கள்.

அதனால்தான் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்கு வந்திருந்தார். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு பிள்ளையார் முன் சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தால் குடும்பம் விளங்காது என்று சித்தூர் ஜில்லாவில் எந்தக் கட்சிக்காரனும் சொல்வான். கொஞ்சம் தள்ளி நின்றுதான் சொல்வான்.

“பிரமாணம் சேயண்டி சார்” என்று படிக்கட்டிலிருந்து ஒரு தெலுங்குக் குரல் சத்தியம் செய்யச் சொல்லி அவசரப்படுத்தியது.

நகரியிலிருந்து வந்த பிரித்திகா ஹால் டிக்கெட்டைத் தூக்கிக் காட்டினாள். “மூணு வருஷமா இதுக்குத்தான் படிச்சிக்கினு கீறேன் சார். உங்கள நம்பலாமா, கூடாதா?”

அமைச்சரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “சொல்றேம்மா” என்றார்.

“அக்காவ நெனச்சிப் பாருங்க மாமா.” தாமோதரன் படிக்கட்டில் குறுக்கே நின்றான். “குடும்பத்துக்கு எதுனா ஆயிட்டா?”

“அவகிட்ட எல்லாம் சொல்லிட்டுதான் வந்தேன். பையில ரெண்டு வேட்டி எடுத்து வெச்சதே அவதான்.”

மூன்று முழுக்குப் போட்டார். தலை துவட்டாமல் சன்னதிக்கு நடந்தார். தாமோதரன் வாட்சைப் பிடித்தபடி பின்னால் போனான்.

“அந்தக் கேள்வித்தாள நான் யாருக்கும் குடுக்கல. இது சத்தியம்” என்றார் அமைச்சர், பிள்ளையாரைப் பார்த்து.

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. பல நாள் கழித்து, அவர் பேச்சுக்கு யாரும் சிரிக்கவில்லை.

தாமோதரன் பெருமூச்சு விட்டான். “முடிஞ்சிச்சி மாமா. கார் ரெடியா கீது, வாங்க.”

ஆதிகேசவன் நகரவில்லை. மச்சினன் தோளில் ஈரக்கையை வைத்தார். டிவிக்காரர்களின் கேமராக்கள் பார்க்கவே அவர் கண் கலங்கியது.

“அந்தக் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும் தாமு. நான் முழுகிட்டேன். இப்ப நீ போய் முழுகு.”