சின்னக் கண்

தூரிகையைக் கருப்பில் தோய்த்துக்கொண்டு படத்தின் முன்னால் நிற்கிறாள்.

கண்ணை எப்போதும் கடைசியில்தான் வரைவாள். சிற்பிகள் சாமிக்குக் கண் திறப்பதுபோல. இந்தப் படத்துக்கு நேற்றே திறந்தாயிற்று.

சின்னக் கண்கள். சிரித்தால் கோடாகிவிடுகிற கண்கள். அவள் மகள் நறுமுகைக்கு அப்படித்தான்.

சுவரெல்லாம் இன்னும் பத்தொன்பது குழந்தைகள். தலையில் கோழிக்குஞ்சு உட்கார்ந்த குழந்தை. மீன் தொட்டியைத் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்ட குழந்தை. எல்லாவற்றுக்கும் பணியாரம் பருமனில் கண்கள்.

பன்னிரண்டு வருடமாக ஊருக்கு அதுதான் பிடித்திருக்கிறது. அவளுக்குத்தான் ஐந்து வருடமாகப் பிடிக்கவில்லை. பேர் வாங்கிக் கொடுத்த கண்களே கட்டிப்போட்டுவிட்டன என்று யாரிடம் போய்ச் சொல்வது?

பதினோரு மணிக்குக் கண்காட்சி தொடங்குகிறது. சற்று முன் கண்காட்சிக் கூடத்தின் உரிமையாளர் வசுமதி வந்து இந்த இருபதாவது படத்தைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். கொஞ்சம் தயங்கினார்.

"எல்லாரும் நீங்க வரையற பெரிய கண்ணைப் பார்க்கத்தானேம்மா வர்றாங்க."

இது ஒன்று மட்டும் இப்படியே இருக்கட்டும் என்று கேட்டுப் பார்த்தாள். இரண்டு தடவை கேட்டாள்.

வசுமதி சிரித்துக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இமைக்கோட்டை மேலே தூக்கினாள். கைக்குப் பழகிய வளைவு. மனதைக் கேட்காமலே வந்தது.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மகளின் சாயல் போய்விட்டது.

ஆட்கள் வருகிற நேரம் என்று தூரிகையைக் கழுவி வைத்தாள்.

நறுமுகை பட்டுப்பாவாடையில் வந்தாள். ஏழு வயது. அம்மா என்னை வரைகிறாள் என்று ஒரு வாரமாகப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

பத்திரிகைப் புகைப்படக்காரர் குழந்தையைப் படத்தின் பக்கத்தில் நிற்கச் சொன்னார். சிரிக்கச் சொன்னார்.

நறுமுகை சிரிக்கவில்லை. சிரித்தால் கண் சின்னதாகிவிடும்.

விழிகளை அகல விரித்து வைத்துக்கொண்டாள். நீர் கோத்தது. இமைக்கவில்லை.

எடுத்தாயிற்று, போகலாம் என்றார் அவர்.

குழந்தை நகரவில்லை. அப்படியே அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"இவ்ளோ பெருசு போதுமாம்மா?"