மாத்திக் கேட்கிறவர்

"இதுவும் சரியா வரல மேடம். வேற குடுங்க."

பட்டறையில் வெல்டராக இருக்கும் அவர், கூட்டி வந்த டாபர்மேன் நாயின் சங்கிலியை மேசைக்காலில் மாட்டினார். நாய்க் காப்பகம் நடத்தும் அந்த அம்மாளுக்குச் சுர்ரென்று ஏறியது.

ஒரு வருஷத்தில் வெல்டர் திருப்பிக் கொண்டுவந்த மூன்றாவது நாய் இது. அவருக்கு 'எக்ஸ்சேஞ்ச்காரர்' என்று இங்கே பெயரே வைத்துவிட்டார்கள்.

"இதுக்கு என்ன குறை?"

"ரொம்ப சாதுவாப் போச்சு மேடம். யாராவது வந்தா ஒரு தடவை குரைக்குது. 'போதும்'னா வாயை மூடிக்குது."

"துடியான காவல் நாய்தான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னது நீங்க. ரெண்டு வேளை நல்லா ஓட விடணும், தனியாக் கட்டிப் போடக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். எல்லாத்துக்கும் மண்டையை ஆட்டிட்டு, நாலே மாசத்துல கொண்டாந்து விடறீங்க. நாய் என்ன சட்டையா, அளவு சரியில்லன்னு மாத்திக்க?"

வெல்டர் தலையைச் சொறிந்தார்.

"கடைசிக் கூண்டுல ஒரு பாக்சர் நாய் இருக்கே, அதைக் குடுங்களேன்."

"அதுவா? மூணு வீட்ல வெச்சுக்க முடியாம விட்டுட்டுப் போனது. வர்றவங்களை எல்லாம் மோதித் தள்ளுது. போதும் சார். உங்களுக்கு இனிமே ஒரு குட்டிகூடக் கிடையாது."

அப்போது ஒரு தம்பதி, சின்னப் பெண்குழந்தையோடு உள்ளே வந்தார்கள். தடுப்பதற்குள் குழந்தை கையை உதறிக்கொண்டு டாபர்மேனிடம் ஓடியது.

அம்மாளுக்கு உயிரே போய்விட்டது. வெல்டர் கூட்டிப் போவதற்கு முந்தின நாள்கூட, சோறு வைக்கப் போன ஆளின் முழங்கையைக் கிழித்த நாய் அது.

"படு," என்றார் வெல்டர், குரலை உயர்த்தாமல்.

நாய் படுத்தது. குழந்தை அதன் காதைப் பிடித்து இழுத்தது. நாய் வாலை மட்டும் ஆட்டியது.

"ஏங்க, இதையே எடுத்துக்கலாமே," என்றாள் குழந்தையின் தாய் கணவனிடம்.

அம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. இவர் முன்பு திருப்பி விட்ட இரண்டும், கூட்டிப் போகும்போது அடங்காத நாய்கள்தான். திரும்பி வந்த வாரமே இரண்டுக்கும் நல்ல வீடு கிடைத்துவிட்டது.

திரும்பிப் பார்த்தார். வெல்டர் அங்கே இல்லை. கடைசிக் கூண்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பாக்சர் கம்பியில் மோதி மோதிக் குரைத்துக்கொண்டிருந்தது.

அதுவரை வாசலிலேயே நின்ற வெல்டரின் மனைவி மெல்ல உள்ளே வந்தாள்.

"நாய் திருந்திடுச்சுன்னு சொன்னா, நீங்களே வெச்சுக்கங்கன்னு சொல்லிடுவீங்களாம். எங்க வீட்ல ஒண்ணுக்குத்தான் மேடம் இடம் இருக்கு. அதை வெச்சுக்கிட்டா அடுத்தது எங்க போகும்?"

அம்மாள் கடைசிக் கூண்டைப் பார்த்தார்.

"அந்தப் பாக்சரை இன்னைக்கே குடுத்து அனுப்பிடுங்க," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "போன தடவை நாயை விட்டுட்டு வந்து, ரெண்டு நாள் மனுஷன் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல."