எதிரில் நாற்காலி இல்லை

அவள் எழுந்திருக்கவில்லை.

அவர் மேசைக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் காலையில் போட்ட ரோஜா மாலை. தோளில் சங்கத்துக்காரர்கள் போர்த்திய சால்வை. கையில் கைப்பேசி.

வாயெல்லாம் பல்.

"கொஞ்சம் எந்திரிம்மா. ஆர்டர் வந்துட்டுல்லா."

வந்துவிட்டதுதான். வெளியே கூடத்தில் ஆளுக்கொரு கைப்பேசியில் அதே செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நாட்டில் வயதானவர்கள் பெருகிவிட்டார்களாம். ஆயுள் நீண்டுவிட்டதாம். இத்தனை பேருக்கும் பென்ஷன் கொடுத்துக் கட்டுப்படியாகாதாம். அதனால் ஓய்வு வயது அறுபதிலிருந்து அறுபத்திரண்டு.

இன்றிலிருந்தே.

நாளைக்கு அறிவித்தால் குடி முழுகிவிடுமா?

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முறைப்படி அவர் சாயங்காலம்தான் ஓய்வு பெற வேண்டும். அலுவலகம் முடிகிற நேரத்தில் கையெழுத்து, மாலை, வடை, காபி. அப்புறம் ஜீப்பில் வீடு வரை கொண்டுபோய் விடுவது. எல்லாருக்கும் அப்படித்தான் நடந்தது. வெள்ளிக்கிழமை, ராகு காலம் பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று காலையிலேயே விழாவை வைக்கச் சொன்னவர் இவர்தான்.

இந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. போகிற சூப்பிரண்டு, அடுத்து வருகிறவரைத் தன் கையால் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போக வேண்டும்.

அவளை உட்காரவைத்தார்.

எல்லாரும் கை தட்டினார்கள். அவர் கண்ணைக் கசக்கினார். அவளுக்குக்கூட ஒரு நொடி பாவமாக இருந்தது. அந்த ஒரு நொடியை நினைத்தால் இப்போது தன்மேலேயே எரிச்சல் வந்தது.

பதினோரு வருடம்.

இந்த மேசைக்கு எதிரில் நாற்காலி கிடையாது. முன்பு இரண்டு இருந்தன. இவர் சூப்பிரண்டாக வந்த அன்றே பியூன் சுடலைமுத்துவைக் கூப்பிட்டு, எடுத்துப் பழைய சாமான் கிடக்கிற கிட்டங்கியில் போடச் சொன்னார். உட்காரவைத்தால் பேசிக்கொண்டே இருப்பார்களாம்.

கோப்பு கொண்டுபோனால் தலை நிமிராமல் சொல்வார். நில்லும்மா, பாத்துட்டுச் சொல்லுதேன்.

பிறகு பார்ப்பார். மெதுவாகப் பார்ப்பார். நடுவில் போனில் பேத்தியைக் கொஞ்சுவார். காபி வரும், குடிப்பார். ஒரு கையெழுத்துக்கு இத்தனை யோசனையா என்று கேட்க யாருக்கும் வாய் வராது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, விடுப்பு முடிந்து வந்த முதல் நாளும் அவள் இங்கேதான் நின்றாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

அன்றைக்கும் அவர் நிமிரவில்லை.

அவள் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. அந்த எட்டு மாதமாவது இந்த நாற்காலியில் என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு காலத்தை ஓட்டினாள். இப்போது அவளுக்கும்தான் இரண்டு வருடம் கூடியிருக்கிறது.

இந்த ஆளுக்கு முன்னால் நின்று கழிக்க.

அவர் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. கைப்பேசியை அவள் பக்கம் நீட்டிக் காட்டினார். அவள் அதைப் பார்க்கவில்லை.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவளுடைய பழைய இடம் தெரிந்தது. காலையில் அதே நல்ல நேரத்தில் அவள்தான் செல்வினை அதில் உட்காரவைத்தாள். அவளுக்கு அடுத்த சீனியர். அதற்குள் தண்ணீர் பாட்டிலையும் பைபிள் வசன காலண்டரையும் கொண்டுவந்து வைத்து, சட்டமாக உட்கார்ந்திருந்தான்.

அவனும் எழுந்திருக்கவில்லை.

அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் திரும்பியதும் கம்ப்யூட்டருக்குள் முகத்தை விட்டுக்கொண்டான். ஆனால் அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். பதினோரு வருடமாக அதே இடத்திலிருந்து, அதே தடுப்பின் வழியாக, அவள் இந்த அறையைப் பார்த்த பார்வை.

போய்த் தொலையேன் என்கிற பார்வை.

அவளுக்குச் சுருக்கென்றது. அவளே வேலை சொல்லிக்கொடுத்து வளர்த்த ஆள் அவன். கிறிஸ்துமஸுக்கு வீடு தேடி வந்து கேக் கொடுக்கிறவன். அவன் மனதிலும் ஒரு கணக்கு ஓடியிருக்கிறது. அந்தக் கணக்கில் அவள்தான் போகாத கிழவி.

இருக்கட்டும்.

அவள் நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அவர் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. உட்கார இடம் இருக்கிறதா என்று பக்கவாட்டில் ஒருமுறை பார்த்தார். சுவரோரம் பார்த்தார். மேசையின் அந்தப் பக்கம் அவர் நின்றதே இல்லை. அங்கே ஒன்றும் இல்லை என்பது அவருக்கு இப்போதுதான் தெரிகிறது போலும்.

அவள் கோப்புத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். நாடாவை அவிழ்த்தாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

"நில்லுங்க சார். பாத்துட்டுச் சொல்லுதேன்."

தலை நிமிரவில்லை.

சுடலைமுத்து காபித் தம்ளர்களோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

அவரும் நின்றார். சத்தம் போடுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். போடவில்லை. எதிர்ப்பக்கம் நின்றவர்கள் யாரும் இந்த அறையில் சத்தம் போட்டதில்லை.

முதல் பக்கத்தை மெதுவாகப் படித்தாள். மாலையிலிருந்து ஓர் இதழ் கோப்பின்மேல் விழுந்தது. ஊதித் தள்ளினாள்.

சற்று நேரத்தில் அவர் காலை மாற்றி ஊன்றுகிற சத்தம் கேட்டது.

இடது முழங்காலாக இருக்கும். அதுதான் முதலில் வலிக்கும்.

அவள் பக்கத்தைத் திருப்பினாள்.